இரும்புக்கு நடுவே ஒரு தோல் வட்டு

மகனே,

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது. அதற்குள் நீ மடித்து வைத்திருந்த இரண்டு துண்டுகளில் ஒன்றுதான் முழுசாக வந்து சேர்ந்தது. பதினான்கு மாதம் பாடுபட்டுச் செய்ததாக எழுதியிருந்தாயே, அந்தப் பழுப்புத் துண்டு வழியிலேயே நொறுங்கி, உறையின் மூலையில் தூளாகக் கிடந்தது. உன் அம்மா அதை மூக்குப்பொடி என்று நினைத்துத் தட்டிவிடப் போனாள். மஞ்சள் நாடா மட்டும் தபால்காரர் மடித்த மடிப்பையும் மீறி நிமிர்ந்துகொண்டது. அதை இப்போது என் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டுவிட்டது, தேயிலை ஃபாக்டரி இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. அடுத்த வருஷத்தோடு எனக்கு வேலை முடிகிறது, எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதைப் பற்றி எழுத இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வர வேண்டும், ஏனென்றால் மாதக் கடைசியில் உன் அறிக்கையைப் பேராசிரியரிடம் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதில் நீ எழுதப்போகும் ஒரு வரியை எழுதாதே என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா எட்டாம் வகுப்பு, அவருக்கு என்ன தெரியும் என்று சிரிக்காமல் கடைசிவரை படி. சிரித்தாலும் பரவாயில்லை, படித்துவிடு.

முதலில், நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். நைலான் என்பது நீளச் சங்கிலி. அதன் கண்ணிகள் வளைந்து கொடுப்பதால் சூட்டில் உருகுகிறது, உருக்கி நூலாக இழுக்க முடிகிறது. அதே காரணத்தால் சூடு ஏறினால் நிற்பதில்லை. அதற்குப் பதிலாக பென்சீன் வளையங்களையே ஒன்றோடொன்று நேராகக் கோத்துச் சங்கிலி செய்தால் எந்தச் சூட்டையும் தாங்கும். அதற்குப் பெயர் அரோமாட்டிக் பாலிஅமைடு. இந்தப் பெயரை நம் ஃபாக்டரி டீமேக்கரிடம் சொல்லிக் காட்டினேன், ஏதோ புது மருந்து என்று நினைத்து எந்த வியாதிக்கு என்று கேட்டார். சரி. அந்தச் சங்கிலி கம்பிபோல விறைத்து நிற்கிறது, பக்கத்துக் கம்பியோடு இறுகிக்கொள்கிறது. உருக்கப்போனால் உருகும் முன்னே கருகுகிறது. திரவத்தில் வைத்துச் செய்தால் சங்கிலி நீளும் முன்னே தூளாகப் படிந்துவிடுகிறது. உருகாமலும் கரையாமலும் இருக்கிற ஒன்றை நூலாக இழுப்பது எப்படி, தகடாக ஊற்றுவது எப்படி? அதனால் உன் பேராசிரியர், வளையங்களுக்கு நடுவே அங்கங்கே வளைகிற கண்ணி ஒன்றைச் சேர்த்துப் பார் என்றார். நீ அரை மனதோடு சேர்த்தாய். அது கரைந்தது, கண்ணாடியில் ஊற்றினாய், இந்த மஞ்சள் நாடாவாக உரிந்து வந்தது. தாங்கும் சூடு கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் நைலானைவிட எவ்வளவோ மேல்.

இதில் சந்தோஷப்படத்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். நீயோ கலப்படம் என்று எழுதியிருக்கிறாய். பாலில் தண்ணீர் ஊற்றியவன் மாதிரி வெட்கப்படுகிறாய். அதுகூடப் போகட்டும். உன் ஆய்வுக்கூடத்தில் திரவங்களை ஈரம் போக வடித்துத் தருகிற உதவியாளரைப் பற்றி எழுதியிருக்கிறாயே, கல்யாண வயதில் இரண்டு பெண்களை வைத்திருக்கிறவர், அவர் சரியாக ஈரம் போக்கித் தராததால்தான் விறைப்புச் சங்கிலி நீளாமல் தூளாகிவிட்டது, ஒழுங்கான ஆளைக் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷத்தில் செய்து காட்டுவேன் என்று அறிக்கையில் எழுதப் போகிறாய். எழுதினால் அவருக்கு வேலை போகும் என்றும் நீயே சொல்கிறாய். அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்ப எடுத்துப் படிக்க முடிந்தது.

நான் பிட்டர், மெஷினைப் பூட்டிப் பழுது பார்க்கிறவன். மெஷின் நின்றால் எந்த உறுப்பு கெட்டது என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த உறுப்பு கெடவில்லை என்று பார்ப்பது எங்கள் பழக்கம். உன் கடிதத்தையும் அப்படித்தான் பார்த்தேன். மஞ்சள் நாடாவையும் அதே வாரத்தில், அதே புட்டித் திரவத்தில் செய்ததாக மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதே ஆள் வடித்துத் தந்தது. ஈரம்தான் காரணம் என்றால் இந்த நாடா எப்படி வந்தது? திரவத்தில் குறையில்லை. ஆளிடம் குறையில்லை. விறைத்த சங்கிலி விறைத்த சங்கிலியாக இருந்ததுதான் குறை. இது உனக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கும் அன்றைக்குத் தெரிந்திருந்தது.

எந்த அன்றைக்கு என்று கேட்பாய். செல்லையா மாமாவுக்குக் கால் போன அன்றைக்கு. உனக்கு அப்போது பதிமூன்று வயது, குமுளியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். ஃபாக்டரியில் ஷாஃப்ட் முறிந்து விழுந்தது, மாமா அதைத் தாங்கும் பேரிங்குக்கு ஒழுங்காக எண்ணெய் விடவில்லை, அதனால் வந்த வினை என்றுதான் உனக்குச் சொன்னோம். நீயும் அதைத்தான் நம்பியிருப்பாய். பிறகு உன் தங்கச்சி சடங்குக்குத் தாய்மாமன் குடிசைக்கு ஓலை கட்ட வரவில்லை, வேறு ஆளை வைத்துக் கட்டினோம். ஏன் மாமா வரவில்லை என்று நீ கேட்டபோது உன்னை அதட்டினேன். அதட்டினது ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். இன்ஜினில் இருந்து வரும் ஷாஃப்டும், மேலே ரோலர்களை ஓட்டும் நீள ஷாஃப்டும் சேருகிற இடத்தில் கப்ளிங் உண்டு, நீ பார்த்திருக்கிறாய். இரண்டு இரும்புத் தட்டுகள் முகத்துக்கு முகம் நிற்கும், நடுவில் எருமைத் தோலில் வெட்டிய கனமான வட்டு இருக்கும். ஒரு தட்டின் போல்ட் தோலைப் பிடிக்கும், மறு தட்டின் போல்ட்டும் தோலைத்தான் பிடிக்கும். இரும்பு இரும்பைத் தொடாது. சீசன் முடிந்து மெஷினை நிறுத்தும்போது பழைய வட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கொழுப்புத் தடவிய வட்டைப் போடுவோம். கழற்றிய தோலுக்கு லயத்தில் அடிதடி நடக்கும், செருப்புக்கு அடிப்பாகம் வைக்க அதைப்போல எதுவும் இல்லை. நீ சின்ன வயதில் போட்ட செருப்பெல்லாம் ஒரு காலத்தில் ஃபாக்டரியை ஓட்டினவைதான்.

எனக்கு அந்தத் தோலைக் கண்டாலே பிடிக்காது. அத்தனை இரும்புக்கு நடுவே ஒரு செத்த மாட்டின் தோல் எதற்கு என்று நினைப்பேன். வருஷத்துக்கு ஒரு முறை தேய்கிறது, வழுக்குகிறது, நாறுகிறது. நல்ல பிட்டராக இருந்தால் இரண்டு ஷாஃப்டையும் ஒரே நேராகப் பிடித்து இரும்போடு இரும்பைப் பூட்டிவிடலாம், தோல் என்பது வேலை தெரியாதவனுக்கு என்று எல்லோரிடமும் பேசினேன். பேசினதோடு விடவில்லை. அந்த வருஷம் மெஷின் நிறுத்தத்தில் தோல் வட்டு அளவுக்கே இரும்புத் தட்டு அறுத்து, நூல் பிடித்து நேர் பார்த்து, இறுக்கிப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் திறந்து காட்டி மெச்சிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்று மாதம் ஓடியது. உண்மையைச் சொன்னால் அருமையாக ஓடியது. பிறகு மழை வந்தது. நம் மலை மண் மழையில் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் நிற்கும் மேடை ஒரு நூலளவு இறங்கியிருக்கிறது. தோல் இருந்திருந்தால் அந்த நூலளவை அது வளைந்து வாங்கிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரிந்தே இருக்காது. இரும்பு வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பேரிங்கைப் போட்டு நெரித்தது, பேரிங் சுட்டது. எண்ணெய் விடும் வேலை செல்லையாவுக்கு. இரண்டு நாளாக என்னிடம் வந்து, “மச்சான், அந்தப் பேரிங்கு கையை வைக்க முடியாம கொதிக்குது, என்னன்னு பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். “எண்ணெயக் கூட விடுடா” என்றேன். கூட விட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் ஷாஃப்ட் முறிந்தது. பேரிங் கட்டையோடு கீழே வந்தது, ஏணியில் எண்ணெய்க் குவளையோடு நின்றவன் கால்மேல் விழுந்தது.

அவனைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு ஃபாக்டரியில் நான் மட்டும் நின்றேன். கம்பெனி இன்ஜினீயர் மறுநாள் வருவார் என்று சொன்னார்கள். அதற்குள் இரும்புத் தட்டைக் கழற்றிவிட்டுப் பழைய தோல் வட்டு ஒன்றைப் போட்டேன். ஒரு போல்ட்கூடக் கை தவறி விழவில்லை. அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை வந்து கருகிய பேரிங்கைப் பார்த்தார். “எண்ணெய் போட்டானா, இல்லையா?” என்று தன் தமிழில் கேட்டார். “பத்தலைன்னு தோணுது துரை” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த மூன்று வார்த்தைக்கு அவன் வேலை போனது, லயத்து வீடு போனது, கட்டுப் போட்ட காலோடு லாரியில் கம்பத்துக்கு இறங்கினான். உன் அம்மா என் வார்த்தையைத்தான் நம்பினாள். லாரியில் ஏறும்போது கூடப்பிறந்தவனைப் பார்த்து, “ஒழுங்கா எண்ணெ விட்டிருந்தா இந்தக் கதி வருமாடா?” என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். அதோடு பன்னிரண்டு வருஷமாக அக்காளுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை.

இதை உன்னிடம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன் கடிதத்தில் அந்த உதவியாளர் வரியைப் படித்தபோது இதைவிட வெட்கமாக இருந்தது. அது என் வரி. என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்க வேண்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கம்பத்துக்குப் போனேன். குமுளி செக்போஸ்ட்டில் ஏலக்காய் இருக்கிறதா என்று பையைத் தடவினார்கள். மாநிலம் பிரிந்ததிலிருந்து மலை இறங்குகிறவன் எல்லாம் அவர்களுக்குத் திருடன். உன் நாடாவை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். செல்லையா ஒரு தையல் கடையில் இருக்கிறான். மிஷின் மிதிக்கக் கால் ஆகாது, பொத்தானுக்குக் காஜா எடுக்கிறான், துணி தேய்க்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது, என்னைவிட ஏழு வயது இளையவன். “வாங்க மச்சான்” என்றான், ஏதோ போன வாரம் பார்த்தவன் மாதிரி. எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். பையில் கை விட்டால் உன் நாடா இருந்தது, அதை எடுத்து நீட்டினேன். “உன் மருமகன் செஞ்சது, நைலான் தாங்காத சூட்டைத் தாங்கும்கிறான்” என்றேன்.

அவன் முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது. கீழே கிடந்த நைலான் துணி வெட்டுத் துண்டு ஒன்றைப் பொறுக்கினான், உன் நாடாவைப் பக்கத்தில் போட்டான், கரி கனிந்த இஸ்திரிப் பெட்டியை இரண்டின் மேலும் வைத்தான். பத்து எண்ணி எடுத்தான். நைலான் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு நாறியது. உன் நாடா ஓரம் மட்டும் லேசாகச் சுருண்டு, போட்ட இடத்திலேயே கிடந்தது. “நிக்குதே மச்சான்! மருமகப்பிள்ள சரக்கு நிக்குதே!” என்று தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். பெட்டியைச் சுரண்ட அரைமணி நேரம் ஆனது, கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார். அந்தச் சுருண்ட ஓரத்தோடுதான் நாடா என் பையில் இருக்கிறது. நீ கலப்படம் என்கிறாயே, அது இஸ்திரிப் பெட்டிக்குத் தெரியவில்லை.

சுரண்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன். இரும்புத் தட்டு, தோல் வட்டு, துரையிடம் சொன்னது, எல்லாம். அவன் சுரண்டுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுச் சொன்னான், “நான் எண்ணெ விட்டேன்னு எனக்குத் தெரியும் மச்சான். நீங்க என்னமோ மறைக்கிறீகன்னும் தெரியும். என்னன்னுதான் தெரியாம இருந்துச்சு, இப்ப அதுவும் தெரிஞ்சுபோச்சு.” மன்னித்துவிடு என்று கேட்டேன். “அத அப்பறம் பாக்கலாம்” என்றான். “மொதல்ல அக்காகிட்டச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? எண்ணெ விடலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கது அவதான்.” காபி வாங்கிக் கொடுத்தான். நான் குடித்தேன். மாலை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு நாளாக அரிசி பற்றியும் மழை பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் வந்தால் படித்துக் காட்டுவதும், உனக்கு எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவதும் நம் வீட்டு வழக்கம், உனக்குத் தெரியும். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நீ காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இதை மட்டும் படிக்காமல் ஒட்டிவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டு உட்கார வைத்து இதுவரை எழுதியதைப் படிக்கப் போகிறேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

படித்துவிட்டேன். ஒரு சொல்கூட விடவில்லை. லாரி ஏறும்போது அவள் தம்பியைக் கேட்ட கேள்வி வரும் இடத்தில் தாளைக் கீழே இறக்கினேன். “படிங்க” என்றாள். படித்தேன். முடிந்த பிறகு அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், இரண்டும் செய்யவில்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்ததைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், “அவன் ரெண்டு நாளு உங்ககிட்ட வந்து சொன்னானா, சுடுதுன்னு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “எங்கிட்ட அத ஏன் இத்தன வருசம் சொல்லல?” என்றாள். மகனே, உனக்கும் ஒருநாள் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். பன்னிரண்டு வருஷம் யோசித்தாலும் பதில் வராது, நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

பெட்டியைத் திறந்து சேலை இரண்டை மடித்து வைத்தாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கம்பத்துக்குப் போகிறாளாம். நானும் வருகிறேன் என்றேன். “நீங்க வர வேண்டாம். நான் கேட்டதுக்கு நான்தான் போயி நிக்கணும்” என்றாள். எப்போது திரும்புவாள் என்று கேட்கத் தைரியம் இல்லை. சாப்பாடு போட்டாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

போகிற வழியில் இந்தக் கடிதத்தைக் குமுளி தபாலாபீசில் அவளே போடுகிறாளாம். உங்களிடம் தந்தால் மறுபடியும் பையிலேயே வைத்துக்கொள்வீர்கள் என்று சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்தது. கவரை ஒட்டும் முன்னால் உனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “அந்த ஆளு வீட்டுலயும் ஒரு பொம்பள இருப்பா. அவ நம்புறதுக்கு முன்னால அந்த வரிய அடிச்சிரு.”